கேஸ் தானாகக் குறையாது

தடித்த குழாயின் மூடியில் எல் என்ற எழுத்து இருக்கும், ஒல்லிக் குழாயின் மூடியில் எச் இருக்கும், கேஸ் ஏற்ற வேண்டியது தடித்த குழாயில், தப்பித் தவறி மற்றதில் மாட்டினால் கேன் கையிலேயே வெடிக்கும் என்று வீடியோவில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான். வெடிக்கும் என்பதை எதற்குச் சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும்? திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், எல்தான், தடித்த குழாய்தான், விரலால் தடவியும் பார்த்தாயிற்று, ஆனாலும் இந்தக் காரை எனக்கு முன்னால் கழற்றியவன் இரண்டு மூடியையும் மாற்றிப் போட்டிருந்தால்? சுகுமாறன் போடக்கூடியவன்தான். வருஷா வருஷம் அவன் பட்டறையில்தான் கார் ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறேன், சித்திரையில் ஏற்றினால் ஜில்லென்று இருக்கும், அடுத்த சித்திரையில் அடுப்படிக் காற்று மாதிரி வரும், "கேஸ் தீந்துபோச்சு சார், ஏத்திடலாம்" என்பான், நானும் தலையாட்டுவேன். கேஸ் என்ன பெட்ரோலா, தீர்ந்துபோவதற்கு? அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சமாச்சாரம், தானாகக் குறையாது, எங்கேயாவது ஒழுகினால்தான் குறையும் என்பதை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஒழுகுகிறது, சரி. எங்கே ஒழுகுகிறது? ஒழுகும்படி வைத்தது யார்? குண்டூசி நுழைகிற ஓட்டை போதும், ஒரு வருஷத்துக்கு மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும், அடுத்த சித்திரையில் நான் தானாக அவன் வாசலில் போய் நிற்பேன். நான் பக்கத்திலேயே நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன், ஆனால் ஒவ்வொரு முறையும் நடுவில் "டீ சாப்பிடறீங்களா சார்" என்று கேட்டானே, அந்த டீ எதற்கு? எனக்கா, இல்லை என் கண்ணுக்கா?

ஆகவே நானே செய்கிறேன். கேன், அதன் தலையில் திருகுகிற குழாய், குழாயின் நடுவில் அழுத்தம் காட்டுகிற வட்டம், வட்டத்தில் ஒரு முள், நீலத்தில் நின்றால் கேஸ் குறைவு, பச்சையில் நின்றால் சரி, மஞ்சளில் எச்சரிக்கை, சிவப்புக்குப் போனால் ஆபத்து, இவ்வளவுதான் வித்தை. இன்ஜின் ஓட வேண்டும், ஏசி முழு வேகத்தில் இருக்க வேண்டும், கண்ணாடிகள் இறங்கியிருக்க வேண்டும், ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் சுந்தரி, என் மனைவி. கார் ஓட்டத் தெரியாது, ஆனால் தையல் மிஷின் மிதித்த கால், ஒரே சீராக மிதிக்கும். கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று அவள் உட்காரும் முன் பார்த்தேன், உட்கார்ந்த பிறகு கையை நுழைத்து இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன், "நான் ஒண்ணும் தொடலைங்க" என்றாள். தொட்டாய் என்று நான் சொல்லவில்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறியதுமே டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் இருக்கிறான் என்று மூஞ்சியைப் பார்த்தே சொல்வேன். டிக்கெட் வைத்திருப்பவன் என்னை எரிச்சலோடு பார்ப்பான். வைத்திராதவன் ஜன்னலுக்கு வெளியே வயலை ரசிப்பான்.

கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, இந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் நிழல்தான், ஆனால் நிழலும் கொதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எங்கள் பெண் பிரதீபாவுக்கு, வீட்டில் தீபா, வளைகாப்பு. வளையலைப் போட்டு, பலகாரம் வைத்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், முதல் பிரசவம், எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதற்காகத்தான் உள்ளறைக்குப் புதுக் கொசுவலை, கட்டிலை ஜன்னல் பக்கமிருந்து நகர்த்தியது எல்லாம். பின் சீட்டில் அவளுக்கு இரண்டு தலையணை, வேகத்தடை ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட நின்று நின்று வருவேன், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் உள்ளே ஜில்லென்று இருக்கும். இப்படி நான் வரும் வழியை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் சம்பந்தியம்மாள் போன் செய்து, "உங்க வண்டியில ஏசி வேலை செய்யலையாமே சம்பந்தி, வயித்துப் புள்ளக்காரி, வெயில்ல எப்படி?" என்று தேன் ஒழுகக் கேட்டாள். வேலை செய்யலையாமே. அந்த 'ஆமே' இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. யார் சொல்லி? ஏசி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது எனக்கும் சுந்தரிக்கும்தான். சுகுமாறனுக்குத் தெரியும், ஆனால் அவனுக்குச் சேலத்தில் யார் இருக்கிறார்கள்? இருக்கலாம். இரண்டாம் மாடி ஆல்பர்ட்டுக்குத் தெரிந்திருக்கலாம், போன வாரம் அவரை மார்க்கெட்டில் இறக்கிவிட்டபோது கர்சீப்பால் விசிறிக்கொண்டே வந்தார், ஆனால் அவருக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என்ன? சுந்தரியைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்று கீரையை ஆய்ந்தாள். தலையை நிமிர்த்தாமல் ஆய்ந்தாள். முளைக்கீரை, அதில் அப்படி ரசிக்க என்ன இருக்கிறது?

மாட்டியாயிற்று. டக்கென்று பிடித்துக்கொண்டது, வெடிக்கவில்லை. முள் நீலத்தில் நடுங்குகிறது, அப்படியானால் கேஸ் குறைவுதான், சுகுமாறன் அதில் பொய் சொல்லவில்லை, அல்லது உண்மையை வைத்தே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். கேனின் திருகைத் திறந்தேன், புஸ்ஸென்று ஒரு மூச்சு, பிறகு குழாய்க்குள் என்னவோ ஓடுகிற குளிர்ச்சி, பழந்துணி சுற்றிய கைக்கே ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆட்டி ஆட்டி ஏற்ற வேண்டும் என்றான் வீடியோக்காரன், ஆட்டுகிறேன். கேன் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் கனம் என்றால் கேஸ்தானா? கடைக்காரன் சீல் பிரிக்காத கேன் என்று சொல்லித்தான் கொடுத்தான், சீலைப் பார்த்தேன், சீல் புதிதாக இருந்தது, கேன் மட்டும் கொஞ்சம் பழசாக இருந்தது. எவனோ காலிக் கேனில் எதையோ அடைத்து விற்கிறான் என்று அதே வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் யார், இன்னொரு கடைக்காரனா? "ஏங்க, போதுமா?" என்று சுந்தரி குரல் கொடுத்தாள். "இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன், மிதி" என்றேன். பானெட் தூக்கி நிற்பதால் அவள் எனக்குத் தெரியவில்லை, பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடுக்கு இருக்கிறது, குனிந்தால் அதன் வழியே ஸ்டீயரிங்கும் அவள் மோவாயும் தெரிகின்றன. மேலே ஆல்பர்ட் பால்கனியில் வந்து நின்றார். "என்னா கஜபதி சார், வண்டி என்னாச்சு?" "ஒண்ணும் ஆகலை." "ஏசியா? மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே." நீ ஏன் மெக்கானிக்குக்குப் பரிந்துகொண்டு வருகிறாய்? ஏசி என்று உனக்கு எப்படித் தெரியும்? கையில் கேனைப் பார்த்திருப்பார். பார்த்திருக்கலாம். உள்ளே போய்விட்டார், போனவர் கதவைச் சாத்தவில்லை.

முள் மெல்ல ஏறுகிறது, நீலத்தின் ஓரம், பச்சையின் வாசல். முன்பக்கத்தில் பெல்ட்டோடு சுற்றுகிற அந்தத் தட்டுக்குப் பின்னால்தான் கேஸை உறிஞ்சித் தள்ளுகிற கம்ப்ரசர், தட்டு டக்கென்று பிடித்துக்கொண்டு சுற்றும், டக்கென்று விட்டுவிடும், கேஸ் ஏற ஏற விடுவது குறையும். இது எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையைச் சொன்னால் ரொம்பப் பிடித்திருக்கிறது, எவனும் டீ சாப்பிடக் கூப்பிடாமல், என் காரை என் கையால். பிரதீபாவிடம் சொல்ல வேண்டும், நானே ஏற்றினேன்டி என்று. ஜில்லென்று இருக்கிறதா பார் என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வரலாம். அவளுக்கு நான் செய்வது எதுதான் கண்ணில் படுகிறது? நாலாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனபோது, ஒரே வாரத்தில் எதற்கு இரண்டாவது ஸ்கேன், முதல் ஸ்கேன் தப்பா, இல்லை மிஷின் தப்பா என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன், நியாயமான கேள்வி, அதற்குப் பிரதீபா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாத்திரை அட்டையை வேறொரு மருந்துக் கடையில் காட்டி, அசல்தானா என்று கேட்டதற்கு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மாப்பிள்ளை நந்தகுமார் டூர் போகிறேன் என்று சொன்ன வாரத்தில் அவர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டேன், போட்டால் என்ன, டூர்தான் போயிருந்தார், நல்லதாகப் போயிற்று, அவளுக்கும் நிம்மதி. அப்பன் இல்லாமல் வேறு யார் இதையெல்லாம் கேட்பார்கள்? சம்பந்தியம்மாள் கேட்பாளா? அவளை அவர்கள் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு எனக்கு ஒரு தகவல் சொல்வார்கள், நான் வாசலில் நின்று அழைப்பிதழ் கொடுக்க வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கண்ணாடி ஏறுகிறது. மோட்டார் சத்தம், உய்ய்ங் என்று, ஓட்டுநர் பக்கம். பிறகு மறுபக்கம். கண்ணாடியை இறக்கி வை, இறங்கித்தான் இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், அவளும் சரி சரி என்றாள். எதற்கு ஏற்றுகிறாள்? வெயிலா? வெயில் இங்கே இல்லை. தூசியா? குனிந்து இடுக்கு வழியே பார்த்தேன், ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் இருந்தது. மோவாய் அசைகிறது. பேசுகிறாள். எதையோ தின்கிறாளோ என்று நினைத்தேன், இல்லை, பேச்சுதான், தின்றால் நடுவில் நின்று கேட்கமாட்டார்கள், இவள் நின்று கேட்கிறாள், தலையாட்டுகிறாள், மறுபடியும் பேசுகிறாள். யாரிடம்? அவள் தம்பியிடம் பேசினால் தெருவுக்கே கேட்கும். கோவில் சிநேகிதியிடம் பேசினால் சிரிப்பாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுகிறவள் எனக்குக் கேட்கக் கூடாததைத்தான் பேசுகிறாள். வேலை செய்யலையாமே. இப்போது சம்பந்தியம்மாளிடம்தான் இருக்கிறாளா, இவர் என்னவோ கேனை வைத்துக்கொண்டு ஆட்டிக்கொண்டிருக்கிறார், நீங்கள் உங்கள் காரையே அனுப்பிவிடுங்கள் என்று? என் மனைவிக்கும் சம்பந்தியம்மாளுக்கும் நடுவில் இப்படி ஒரு ஒட்டுறவு எப்போது வந்தது? நான் கேனை ஆட்ட மறந்துவிட்டேன். கார் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கிறது, கால் மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அந்த ஒழுங்குகூட இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

முள்! பச்சையைத் தாண்டிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளையும் தாண்டுகிறது, சிவப்பு, சிவப்பின் உள்ளே. திருகை மூடினேன், விரல் வழுக்கியது, மறுபடி மூடினேன். மூடிய பிறகும் ஏறுகிறது. கேஸே போகாதபோது எப்படி ஏறும்? வெடிக்கப் போகிறது, கடைக்காரன் எதையோ அடைத்த கேன், அதுதான் சீல் புதிதாக இருந்தது, கேனை விட்டுவிட்டு ஓடலாமா, ஓடினால் உள்ளே சுந்தரி, முதலில் அவளை இறக்க வேண்டும், இறங்கு என்று கத்தினேன், கண்ணாடி ஏறியிருக்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை, மோவாய் அசைந்துகொண்டே இருக்கிறது. தூண் பக்கமாக நகர்ந்து நின்றேன், வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. முள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை. நின்று யோசி, கஜபதி. முள் சிவப்பில் போய் நின்றால் பயப்படாதீர்கள், முதலில் கம்ப்ரசர் சுற்றுகிறதா என்று பாருங்கள், அது நின்றுவிட்டால் முள் தானாக ஏறும் என்று அந்தச் சிரிக்கிற ஆள் சொன்னான், அதைக் கேட்கும்போது இவன் எதையோ மழுப்புகிறான் என்று நினைத்தேன். காது கொடுத்தேன். டக் சத்தம் இல்லை. முன்னால் வந்து பார்த்தேன், பெல்ட் ஓடுகிறது, நடுத் தட்டு சும்மா நிற்கிறது. கம்ப்ரசர் நின்றுவிட்டது என்றால் ஏசி நின்றுவிட்டது, ஏசி தானாக நிற்காது, யாரோ நிறுத்தினால்தான் நிற்கும். காற்று வேகமாக வீசினால் போனில் பேசுவது கேட்காது. கேட்கவேண்டும் என்று நிறுத்தியிருக்கிறாள். அவ்வளவு முக்கியமாக எதைக் கேட்க வேண்டும் அவளுக்கு? நான் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, மறுபக்கத்து ஜன்னலுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெறும் சுவர், வெள்ளையடித்து வருஷக்கணக்காகிறது. கன்னத்தில் கண்ணீர் இருந்தது.

கதவைத் திறந்தேன். "அப்பா வந்துட்டாரு, அப்புறம் பேசறேன்" என்று போனை மடியில் கவிழ்த்தாள், அதே கையால் ஏசியைப் போட்டாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. "யாரு?" "தீபாதான்." "தீபாகிட்ட பேசறதுக்குக் கண்ணாடியை எதுக்கு ஏத்தணும்?" நான் சுற்றிப்போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த இடத்தில் எதுவும் கேட்கக் கூடாது, சும்மா இருந்தால் போதும், எதிராளி தானே பேசிவிடுவான், அது எத்தனையோ பஸ்ஸில் பார்த்தது. சும்மா இருந்தேன். சுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கால் இன்னும் ஆக்சிலேட்டரில் இருந்தது. "அவ இங்க வரலையாம்ங்க" என்றாள். "ஞாயித்துக்கெழமை நாம போறோம், வளையல் போடறோம், அவ்வளவுதான். பிரசவம் அங்கியே பாத்துக்கறாளாம்." எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "நான் சொல்லலை? உன் சம்பந்தியம்மா வேலை இது. ஏசி இல்லேன்னு ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும்." "அவங்க இல்லைங்க. அவங்க அழைச்சிட்டுப் போங்கன்னுதான் சொல்றாங்க. பாவம், அவங்கமேல போடாதீங்க. ஏசி கெட்டிருக்குன்னு அவங்ககிட்ட சொன்னது நான்." "நீயா?" "நான்தான். வெயிலு, வண்டியில ஏசி இல்ல, அதான் வரலைன்னு ஒரு சாக்கு இருக்கட்டும்னு பாத்தேன். உங்களுக்கும் மனசு நோவாது. நீங்க என்னடான்னா நீங்களே ரிப்பேர் பண்ணக் கிளம்பிட்டீங்க."

பிடித்துவிட்டேன். யார் சொன்னது என்று இரண்டு நாளாகக் குடைந்தேனே, இவள்தான், கீரை ஆய்ந்தபோதே தெரிந்ததுதான், நான் சந்தேகப்பட்டது சரி, எல்லாமே சரி. ஒரு கணம் அந்தச் சந்தோஷம் வந்தது, வெட்கம்கெட்ட சந்தோஷம், வந்தது. பிறகுதான் அவள் சொன்னதன் மற்ற பாதி காதில் ஏறியது. "சாக்கு எதுக்கு? நிஜமான காரணம் என்ன?" சுந்தரி ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். "உங்களுக்குப் பயந்துகிட்டுதான்." "எனக்கா? நான் அவளை ஒரு அடி அடிச்சிருப்பேனா?" "அடிச்சாத்தானா? அங்க வந்தா என்ன சாப்பிட்டேன்னு கேப்பாரு, எங்க வாங்கினதுன்னு கேப்பாரு, டாக்டர் ஒண்ணு சொன்னா அது உண்மையான்னு இன்னொரு டாக்டரைக் கேப்பாரு, வலி வந்தா நிஜ வலியான்னு கேப்பாரும்மா, என்னால அங்க நிம்மதியா பெத்துக்க முடியாதும்மாங்கறா. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். அப்பாவுக்கு உம்மேல உசுருடின்னேன். தெரியும்மா, அதான் பயமா இருக்குன்னா." ஏசி ஜில்லென்று வீசத் தொடங்கியிருந்தது, இந்தக் காரில் இவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததில்லை. கேள்விகள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன, எப்போது சொன்னாள், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாரா, அவர் சொல்லிக்கொடுத்ததா, இதே வார்த்தையா, நீயாகச் சேர்த்ததா, எத்தனை நாளாக நீங்கள் இரண்டு பேரும் இப்படி எனக்குத் தெரியாமல். ஒவ்வொன்றும் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தால் முதல் கேள்வியிலேயே அவள் சொன்னது நிஜமாகிவிடும். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, என் பெண் தன் பிரசவ வலியை என்னிடமிருந்து ஒளித்துவைக்கப் பார்க்கிறாள்.

"நீ?" என்றேன். "நான் போயி மூணு மாசம் அவகூட இருக்கேன். ஞாயித்துக்கெழமை அப்படியே தங்கிடலாம்னுதான். அவளும் மாப்பிள்ளையும் தனியாத்தானே குடியிருக்காங்க. உங்களுக்குத் துணைக்குத் தம்பியை வரச் சொல்றேன்." "துணை வேணாம்." ஏசிக் காற்றை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். "மூணு மாசத்துக்குத் துணிமணி, பாத்திரம், பத்திய சாமானெல்லாம் இருக்குமே, எல்லாத்தையும் கார்லயே ஏத்திக்கலாம். விசேஷம் முடிஞ்சதும் நானே அவங்க வீட்ல உன்னைக் கொண்டு விடறேன்." சுந்தரி என் பக்கம் திரும்பினாள். "விட்டுட்டுத் திரும்பிடுவீங்களா?" "திரும்பிடறேன்." "உள்ள வந்து அந்த டாக்டர் யாரு, எந்த ஆஸ்பத்திரின்னு ஆரம்பிக்க மாட்டீங்களே?" "மாட்டேன்." "வந்த பின்னாடி மாப்பிள்ளை ஆபீசுக்கு, ஆஸ்பத்திரிக்கின்னு போனு?" "பண்ண மாட்டேன், சுந்தரி." அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். அப்படி ஒருவர் என்னைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "எங்க, என் கையில அடிச்சுச் சொல்லுங்க" என்றாள். அடித்துச் சொன்னேன். அப்போதும் அவள் நம்பவில்லை.